பதில் வரவில்லை என்றால்

திரையில் வருவது ஒற்றை வரிதான்: டார்கெட் பதில் சொல்லவில்லை. யுஎஸ்பிஆஸ்ப் என்னும் சின்னப் புரோகிராமரை மடிக்கணினியில் செருகி, ரிப்பன் கேபிளின் மறுமுனையைப் போர்டில் மாட்டி, ஏவிஆர்டியூட் மென்பொருளில் கட்டளை அடித்துப் பழகிய எவருக்கும் இந்த வரி தெரியும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இரு பக்கமும் இருக்கும் துணை ஒப்பந்தக் கூடங்களில், மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுக்கு ரிப்பேர் பார்க்கும் கடைகளில், பாலிடெக்னிக் முடித்த கையோடு அப்ரண்டிஸாகச் சேர்ந்த பையன்களுக்கு முன்னால், இது தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்த அடுத்த நிமிடம் மைக்ரோகன்ட்ரோலரின் கதை முடிந்துவிடுகிறது. "ஐசி போச்சு" என்கிறோம். ஹாட் ஏர் கன்னை எடுத்து அதைக் கழற்றி, வேறொன்றை வைக்கிறோம். எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது இந்த இடம்தான். புரோகிராமருக்குத் தெரிந்தது தன் பக்கம் எதுவும் வந்து சேரவில்லை என்பது மட்டுமே. கம்பியின் மறுமுனையில் என்ன நடந்தது என்பதை அது பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இருந்தும் அது மறுமுனையைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடுகிறது. நாம் அதை வாசித்துக் கீழே கையெழுத்துப் போடுகிறோம். பெஞ்சில் உட்கார்ந்து இந்த வேலை பார்க்கிற யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருக்கலாம். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை.

என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏவிஆர் வகைச் சிப்பில் புரோகிராம் ஏற்ற, முதலில் அதன் ரீசெட் காலைக் கிரவுண்டுக்கு இறக்கிப் பிடிக்கிறோம். குறைந்தது 20 மில்லிசெகண்டு காத்திருக்கிறோம். பிறகு ஏசி, 53, 00, 00 என்று நான்கு பைட்டுகளை அனுப்புகிறோம். மூன்றாவது பைட் போய்க்கொண்டிருக்கும்போதே, இரண்டாவதாக அனுப்பிய அந்த 53 திரும்பி வர வேண்டும். வந்தால் சிப் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன் பிறகுதான் சிக்னேச்சர் என்னும் மூன்று பைட்டுகளைக் கேட்டு வாங்குவது. இதில் கவனிக்க வேண்டியது, கேள்விக்கும் பதிலுக்கும் தனித்தனி நேரம் இல்லை என்பதுதான். எஸ்சிகே கம்பியில் ஒரு துடிப்பு போகும்போது மோசி கம்பியில் நம்முடைய ஒரு பிட் வெளியே போகிறது. அதே துடிப்பில் மிசோ கம்பியிலிருந்து ஒரு பிட் உள்ளே வருகிறது. வருகிறது என்று சொன்னேன். உண்மையில் அந்தக் கணத்தில் மிசோ கம்பியில் என்ன வோல்டேஜ் இருக்கிறதோ அது பிட்டாகப் பதிவாகிறது. யாராவது அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறார்களா என்ற கேள்வியே இந்த ஏற்பாட்டில் கிடையாது. கம்பி மேலே இழுக்கப்பட்டிருந்தால் எல்லாம் ஒன்று. கிரவுண்டில் ஒட்டியிருந்தால் எல்லாம் பூஜ்யம். ஆக, அமைதியைக் குறித்துக்கொள்ள எஸ்பிஐ என்னும் இந்த முறைக்கு வழியே இல்லை. அமைதி எப்போதும் எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் என்றோ 00 00 00 என்றோ ஒரு எண்ணாகத்தான் வந்து சேரும். ஐ-ஸ்கொயர்-சி முறையில் ஒன்பதாவது துடிப்பில் எதிரில் இருக்கும் சிப் கம்பியைக் கீழே இழுத்து, கேட்டேன் என்று காட்ட வேண்டும். இழுக்காவிட்டால் அங்கே ஆள் இல்லை என்று ஓரளவுக்காவது சொல்லலாம். எஸ்பிஐயில் அந்த மரியாதையும் இல்லை.

இதைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் விளக்க முயன்றது நினைவிருக்கிறது. "எதுவுமே வரலண்ணா, ஐசி போச்சு போல" என்றான். எஃப்எஃப் வருகிறதா, ஜீரோ வருகிறதா என்று கேட்டேன். "ரெண்டும் ஃபெயில்தானண்ணா, அதுல என்ன வித்தியாசம்?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை, மென்பொருள் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. எஃப்எஃப் என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பியை யாரும் பிடிக்கவில்லை: கேபிள் அறுந்திருக்கலாம், ரீசெட் கீழே இறங்காமல் சிப் தன் சொந்தப் புரோகிராமை ஓட்டிக்கொண்டு நம்மைக் கவனிக்காமல் இருக்கலாம், அதற்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். 00 என்றால் யாரோ கம்பியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்: பக்கத்துக் காலோடு சால்டர் பாலம், அல்லது போர்டை வடிவமைத்தவர் மிசோ காலிலேயே தொங்கவிட்ட ஒரு டிரான்சிஸ்டர். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வேறு வேறு எண் வரும். கையைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் மாறும், எடுத்தால் மறுபடி மாறும். அந்தரத்தில் நிற்கும் கம்பி நம் உடம்பிலிருந்தும் சுவரில் ஓடும் வயரிலிருந்தும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வாங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று வகை அமைதி. மூன்றுக்கும் காரணம் வேறு. மூன்றையும் ஒரே வரியில் அடைத்துவிட்டு, சிப் பதில் சொல்லவில்லை என்று எழுதுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அன்றைக்கு அவனிடம் சொல்லத் தொடங்கி, டீ நேரம் முடிந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினோம்.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. புதிதாக வாங்கிய ஏடிமெகா 328பி சிப்புக்குள் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆசிலேட்டர் இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் அதை எட்டால் வகுக்கும்படி ஃபியூஸ் என்னும் அமைப்புப் பிட்டை வைத்து அனுப்புகிறார். எனவே புதுச் சிப் ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். நாம் அனுப்பும் எஸ்சிகே துடிப்பு, சிப்பின் கடிகாரத்தில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. ஜெர்மனியின் தாமஸ் ஃபிஷல் வடிவமைத்த யுஎஸ்பிஆஸ்ப் சாதாரணமாகக் கேட்கும் வேகம் 375 கிலோஹெர்ட்ஸ். அவர் இதை யோசிக்காமல் இல்லை. மெதுவாக ஓடும் சிப்புகளுக்காக ஒரு ஜம்பர் வைத்தார். அதைப் போட்டால் வேகம் 8 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் நமக்குக் கிடைக்கும் நகல் போர்டுகள் பலவற்றில் அந்த ஜம்பருக்கான இரண்டு துளைகள் மட்டும் இருக்கும், பின் இருக்காது. பின் வைக்காததால் மிச்சமாகிற காசு மிக மிகச் சொற்பம். அந்தத் துளைகள் எதற்கென்று தெரியாதவர் கையில் அந்தப் போர்டு ஒரே வேகத்தில் மட்டுமே பேசத் தெரிந்த கருவியாகிவிடுகிறது. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை புரோகிராம் ஏற்றி, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு மாற்றிய பழைய சிப்பை அதே புரோகிராமரில் மாட்டினால் உடனே பதில் வரும். பழையது வேலை செய்கிறது, புதியது செய்யவில்லை. அப்படியானால் என்ன முடிவுக்கு வருவார்கள்? புது லாட் சரியில்லை, சப்ளையர் ஏமாற்றிவிட்டான், டூப்ளிகேட். பரிசோதனை முறைப்படி நடந்திருக்கிறது, ஒப்பிட்டும் பார்த்தாயிற்று, முடிவு மட்டும் முழுத் தவறு. ஒழுங்காகச் சோதித்தவருக்குத்தான் இந்தத் தவறு அதிகம் நேரும் என்பது என்னைக் கலங்க வைக்கிறது. ஜம்பர் துளைகளில் ஒரு ரெசிஸ்டரின் வெட்டிய காலை வளைத்து வைத்தாலே போதும், அந்த லாட் முழுக்கப் பேசியிருக்கும். புதிய ஃபர்ம்வேர் உள்ளவற்றில் மென்பொருளிலிருந்தே வேகத்தைக் குறைக்கலாம். அதற்கும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வர வேண்டுமே.

ஃபியூஸ் விஷயம் இதைவிடக் கடினம். சிப்புக்குள் கடிகாரம் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சில பிட்டுகள் இருக்கின்றன. வெளியில் இருக்கும் கிரிஸ்டலை எதிர்பார் என்று அதில் எழுதிவிட்டு, கிரிஸ்டல் இல்லாத போர்டில் அந்தச் சிப்பை வைத்தால் அது எதையும் கேட்காது. மின்சாரம் இருக்கிறது, கம்பிகள் சரி, ரீசெட் இறங்குகிறது. ஆனால் அதற்குள் ஒரு துடிப்பும் இல்லை. மல்டிமீட்டரில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இதை மீட்க வேறொரு சிப்பிலிருந்து ஒரு சதுர அலையை எடுத்து, எக்ஸ்டால்-1 என்ற காலில் ஊக்கு நுனியால் தொட்டுப் பிடித்துக்கொண்டே கட்டளையை அடிக்க வேண்டும். மேசையில் முழங்கையை ஊன்றி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, ஊக்கு நழுவாமல் பார்த்துக்கொள்ளும் அந்தச் சில விநாடிகளில் திரையில் 1ஈ 95 0எஃப் என்ற சிக்னேச்சர் வரும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நான் வேறு எந்த வேலையிலும் அடைந்ததில்லை. இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. ஏடிமெகா 128இல் வேறு மாதிரி. அந்தச் சிப்பின் கால் விவரத்தில் மோசி, மிசோ என்ற பெயர்கள் தெளிவாகவே அச்சாகியிருக்கும். புரோகிராம் ஏற்ற அந்த இரண்டும் உதவாது. சீரியல் போர்ட்டுக்கான ஆர்எக்ஸ், டிஎக்ஸ் கால்கள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பெயரை நம்பி வடிவமைத்து, அச்சடித்து வந்த போர்டுகளில் ட்ராக்கை அறுத்து எனாமல் வயர் ஓட்டியவர்கள் உலகமெங்கும் இருப்பார்கள்.

பதில் வராததைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். வரக்கூடாத இடத்திலிருந்து பதில் வருவதும் உண்டு. மின்சாரம் தரும் விசிசி கம்பி அறுந்திருக்கும். ஆனாலும் மோசி, எஸ்சிகே கம்பிகளில் போகும் மின்சாரம் கால்களின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடுகள் வழியாகக் கசிந்து சிப்பைப் பாதி உயிரில் ஓட்டும். அது சிக்னேச்சரைக்கூடச் சரியாகச் சொல்லிவிடும். எழுத ஆரம்பித்தால் நடுவில் நின்றுவிடும். அதனால்தான் கேபிள் ஹெடரில் வோல்டேஜ் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சிப்பின் சொந்தக் காலில், அதன் விசிசிக்கும் அதன் கிரவுண்டுக்கும் நடுவில், புரோபின் நுனியை வைத்துப் பார்க்க வேண்டும். கிரவுண்டு என்ற சொல்லையும் நாம் கொஞ்சம் அவசரமாகவே நம்புகிறோம். இரண்டு பின் அடாப்டரில் ஓடும் மடிக்கணினியின் உலோக விளிம்பைத் தடவினால் விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் தெரியும். அந்தக் கணினியின் கிரவுண்டு, அடாப்டருக்குள் இருக்கும் சின்னக் கபாசிட்டர்கள் வழியாக மெயின்ஸ் வோல்டேஜின் பாதி அளவில் மிதந்துகொண்டிருக்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒழுங்காக எர்த் செய்த பம்பு செட் போர்டில் கேபிளை மாட்டும் அந்த முதல் தொடுகையில், கிரவுண்டு பின்னுக்கு முன்னால் மோசி பின் தொட்டுவிட்டால், அந்த வோல்டேஜ் முழுவதும் சிப்பின் ஒரு காலில் இறங்கும். அப்போது சிப் உண்மையாகவே போய்விடலாம். அடையாளம் கேட்கப் போன நாமே அதைக் கொன்றுவிட்டு, அது பதில் சொல்லவில்லை என்று எழுதுவோம். எதற்கு முன் எது நடந்தது என்று பின்னால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆலைக்குள் இதெல்லாம் ஒரு சிவப்பு விளக்காகச் சுருங்கிவிடுகிறது. அங்கே கேபிள் இல்லை; ஃபிக்சர் இருக்கும். போர்டை அதன் தட்டில் வைத்து, மேலே இருக்கும் கைப்பிடியை இழுத்து இறக்கினால், கீழிருந்து போகோ பின்கள் போர்டின் டெஸ்ட் பேடுகளில் வந்து குத்தும். ஒவ்வொரு பின்னுக்குள்ளும் ஒரு சின்ன ஸ்பிரிங். நுனியில் தங்க முலாம். நாளெல்லாம் குத்திக் குத்தி முலாம் தேயும், ஸ்பிரிங் களைக்கும். நோ-கிளீன் ஃபிளக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், துடைக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கையில். அதன் மிச்சம் பேடில் கண்ணாடி போன்ற மெல்லிய பொருக்காகக் காய்ந்திருக்கும், பின் அதன் மேலேயே நின்றுவிடும். ஒரகடம் பக்கத்தில் நான் போய்வந்துகொண்டிருந்த ஒரு லைனில் ஃபிக்சர் முன்னால் நின்ற ஓர் அக்கா, விளக்கு சிவப்பானதும் போர்டை எடுக்கமாட்டார். கைப்பிடியின் மேல் உள்ளங்கையை வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்துவார். பச்சை எரியும். "இப்படி ஒரு அமுக்கு அமுக்கினா வந்துடும் சார், அதுக்குப் பசி" என்பார். அவர் வேறு வேலைக்கு மாற்றப்பட்ட பிறகு அதே ஃபிக்சரில் ரிஜெக்ட் கூடியது. விதிமுறைப்படி பார்த்தால் அவர் செய்தது கூடாது. ஒரே அழுத்தத்தில் ஒரே முறை சோதிப்பதுதான் முறை. விதிக்குக் காரணம் உண்டு என்பதையும் மறுக்கமாட்டேன்: அழுத்தினால் மட்டும் தொடுகிற ஒரு விரிசல் விட்ட சால்டரையும் அந்தக் கை பச்சையாக்கிவிடும். ஆனால் சிவப்பு எரிந்ததும் கேள்வியை இன்னொரு முறை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று தோன்றிய ஒரே ஆள் அந்த லைனில் அவர்தான். மற்றவர்கள் செய்தது, வாசலில் நின்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டு வீடு பூட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போகும் கூரியர்காரர் செய்வதுதான். ரிஜெக்ட் பெட்டியில் சேரும் போர்டுகளை மறுபடி சோதித்தால் அதில் ஒரு பகுதி ஒன்றுமே செய்யாமல் பாஸ் ஆகும். நோ ஃபால்ட் ஃபவுண்ட் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயர் எனக்கு நிம்மதி தருவதில்லை. முதல் முறை தெரியாமல் போனது, இரண்டாம் முறை தெரிந்தது. நடுவில் மாறியது எது என்ற கேள்வியை அந்தப் பெயர் அப்படியே மூடிவிடுகிறது. வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் புதுக் கார்களைச் சரக்கு ரயிலில் ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்புதான் வரும். ஒவ்வொரு காரிலும் மைக்ரோகன்ட்ரோலர்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு ஃபிக்சரில் ஒருமுறை தன் பெயரைச் சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறது.

பெயரைச் சொல்வது என்பதும் லேசான விஷயம் இல்லை. 1ஈ 95 0எஃப் என்பதில் முதல் பைட் தயாரித்த நிறுவனம், இரண்டாவது ஃபிளாஷ் நினைவகத்தின் அளவு, மூன்றாவது எந்தச் சிப் என்பது. 1ஈ என்றால் அட்மெல். நார்வேயின் ட்ரொன்ஹெய்மில் மாணவர்களாக இருந்த அல்ஃப்-எகில் போகனும் வேகார்ட் வொல்லனும் யோசித்த ஏவிஆர் வடிவம் அட்மெல் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தது. 2016இல் அட்மெலை மைக்ரோசிப் வாங்கிவிட்டது. இன்றைக்கும் புதிதாகத் தயாராகி வரும் ஏடிமெகா 328பி, இல்லாமல் போன அந்த நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்கிறது. மாற்றினால் உலகத்தில் இருக்கும் எல்லா மென்பொருளும் அதை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பும். 328பி என்பதற்கும் 328 என்பதற்கும் கடைசி பைட்டில் மட்டும் வித்தியாசம்: முன்னது 0எஃப், பின்னது 14. அநேகமாக எந்தப் புரோகிராமும் இரண்டிலும் ஓடும். மென்பொருள் நிறுத்திவிடும், வேண்டுமானால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போ என்று ஒரு வழியும் சொல்லும். தாண்டிப் போவது சில நேரம் நியாயம், சில நேரம் ஆபத்து. எது எப்போது என்று அந்த வரி சொல்வதில்லை. 2020க்குப் பிறகு சிப் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில் எஸ்டிஎம்32எஃப்103 என்று மேலே அச்சடித்து வந்தவை பல, எஸ்டி-லிங்க் என்ற புரோகிராமரில் மாட்டிக் கேட்டால் 1பிஏ01477 என்பதற்குப் பதிலாக 2பிஏ01477 என்றன. ஓப்பன்ஓசிடி மென்பொருள் எதிர்பாராத எண் என்று சொல்லி நின்றது. பிறகு தெரிந்தது, உள்ளே இருந்தது பெரும்பாலும் சிஎஸ்32எஃப்103 என்ற வேறொரு சிப். கவனித்துப் பார்த்தால் அந்தச் சிப் பொய் சொல்லவில்லை. ஆர்ம் வடிவமைத்த அந்த உள்பகுதிக்கு உரிய எண்ணைத்தான் சொன்னது. பொய் சொன்னது மேலே லேசரில் பொறித்த பெயர். உண்மையைச் சொன்னதற்காக அது நிராகரிக்கப்பட்டது. நம் ஆட்கள் கான்ஃபிக் ஃபைலில் 1ஐ 2 ஆக மாற்றி வேலையைத் தொடர்ந்தார்கள்.

இதன் எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், தன்னுடைய எஃப்டி232 என்ற யுஎஸ்பி-சீரியல் சிப்பின் போலிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் அடையாள எண்ணையே பூஜ்யமாக எழுதிவைத்தது. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த கேபிள்களும் புரோகிராமர்களும் மறுநாள் எந்தக் கணினியிலும் தெரியவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2016இல் வந்த டிரைவர், போலிச் சிப் வழியாகப் போகும் தரவுக்கு நடுவில் அசல் இல்லாத கருவி என்ற வாசகத்தைச் செருகியது. போலியை விற்றவர் மேல் அந்த நிறுவனத்துக்கு இருந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சிப்பை வாங்கியவர் அதன் மேலோட்டைப் பார்த்து அசலா போலியா என்று எப்படிச் சொல்லியிருப்பார்? ஊமையானதைப் பேசவைத்தவர்களும் இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் நின்றுபோன நோக்கியா ஆலையின் போன்களை நினைத்துக்கொள்கிறேன். பேட்டரியைக் கழற்றினால் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகச் சில புள்ளிகள் தெரியும். சாஃப்ட்வேர் ஏற்றவும் சோதிக்கவும் வைத்தவை. பிற்பாடு காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிப்பேர் கடைகளில், டெட் ஆன போனை அதே புள்ளிகளில் ஃபிளாஷர் பாக்ஸின் கேபிளை அழுத்தி மீட்டார்கள். ரப்பர் அழிப்பானால் அந்தப் புள்ளிகளைத் தேய்த்துவிட்டு மறுபடி பிடிப்பார்கள். தேய்த்தால் பாதிப் போன்கள் வந்துவிடும் என்று ஒரு கடைக்காரர் சொல்வார். போனில் என்ன கோளாறு என்று கேட்டால், போனில் ஒன்றுமில்லை, தொடுகைதான் இல்லை என்பார்.

கடைசியில் ஒரு சிப் செத்துவிட்டது என்று எப்போது சொல்வது? அந்தப் பையனும் இதைக் கேட்டான். ரீசெட் காலையே சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸ் போட்டுவிட்டால் இந்த வழியில் எவ்வளவு கேட்டாலும் பதில் வராது. ரீசெட்டில் 12 வோல்ட் கொடுத்து, டேட்டா கால்கள் அத்தனையையும் தனித்தனியே பிடித்து, பேரலல் முறையில் கேட்க வேண்டும். அதிலும் வராவிட்டால் மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது, காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் டயோடு காட்டுகிறதா என்று பார்க்கலாம். இன்னும் போகலாம். எங்கே நிறுத்துவது என்பதைச் சிப் தீர்மானிப்பதில்லை, விலை தீர்மானிக்கிறது. நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சிப்புக்கு ஒரு டெக்னீஷியனின் ஒரு மணி நேரத்தைச் செலவழிக்க எந்த ஆலையும் சம்மதிக்காது, அதில் கணக்கு இருக்கிறது. 2021இல் அந்தக் கணக்கு தலைகீழானது. சிப் விலை பல மடங்கு ஏறி, ஏறின விலைக்கும் கிடைக்காமல், லைன்கள் நின்றபோது, எனக்குத் தெரிந்த கூடங்களில் ஓரமாக அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்த ரிஜெக்ட் போர்டுகளை எடுத்துத் தூசி தட்டினார்கள். ஐபிஏ ஆல்கஹால் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, எஸ்சிகேயை மெதுவாக்கி, கால்களில் வோல்டேஜ் பார்த்து, ஒன்றொன்றாகக் கேட்டார்கள். பதில் சொல்லாதவை என்று சீட்டு ஒட்டிய போர்டுகள் பதில் சொன்னன. சீட்டில் பழைய தேதி, ஷிப்ட், கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. அதற்கு முந்தைய வருடங்களில் எடைக்குப் போனவற்றை இனி யாரும் கேட்க முடியாது. அவற்றில் எத்தனை பேசக்கூடியவையாக இருந்தன என்ற எண்ணம் எனக்கு இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது நான் ஸ்கிராப் சீட்டில் காரணம் என்ற கட்டத்தில் ஐசி பழுது என்று எழுதுவதில்லை. வந்த மூன்று பைட்டுகளை வந்தபடி எழுதுகிறேன். எந்த வேகத்தில் கேட்டோம், சிப்பின் காலில் எத்தனை வோல்ட் இருந்தது, கிரிஸ்டல் ஓடியதா என்பதையும் அதன் கீழே குறிக்கிறேன். தரப்பிரிவில் இருக்கும் தம்பி இதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய மென்பொருளில் அந்தக் கட்டத்துக்கு இரண்டு இலக்க எண் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். ஒன்று முதல் பதினேழு வரை காரணங்கள் பட்டியலில் இருக்கின்றன, அதற்குள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் சார் என்கிறார். பதினெட்டாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் கேட்டிருக்கிறார்.